முதல் அலை எந்தக் கரையில்?

அலைச்சறுக்குப் பழக நினைக்கும் கொழும்புக்காரர் முதலில் கரையைத் தெரிவு செய்ய வேண்டும். பலகை, ஆசிரியர், கட்டணம் எல்லாம் அதற்குப் பிறகு. கரை சரியாக அமைந்தால், நீந்தத் தெரிந்த எவரும் ஓரிரு நாளில் நுரையலையில் எழுந்து நின்றுவிடலாம். கரை பிழைத்தால் நல்ல ஆசிரியராலும் அதிகம் செய்ய முடியாது.

வெள்ளவத்தையில் எந்த ஒழுங்கையால் இறங்கினாலும் மரைன் டிரைவ் வரும், அதைத் தாண்டினால் தண்டவாளம், தண்டவாளத்துக்கு அப்பால் கடல். இவ்வளவு கிட்டக் கிடக்கிற கடலை விட்டுவிட்டு நூற்றுநாற்பது கிலோமீற்றர் தெற்கே போக வேண்டுமா என்று வீட்டுப் பிள்ளைகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். விளக்கமாகவே பதில் சொல்லுங்கள்.

வெள்ளவத்தைக் கரை திறந்த கரை. தென்மேற்கிலிருந்து வரும் அலையைத் தடுக்கவோ தணிக்கவோ முன்னால் முனையும் இல்லை, குடாவும் இல்லை. கடலின் அடித்தளம் கரையருகே சட்டென்று ஆழமாகிறது. அதனால் அலை தூரத்தில் மெல்ல உடைந்து உருண்டு வருவதில்லை, காலடியில் வந்து ஒரே அடியாய்க் குத்தி விழுகிறது. விழுந்த தண்ணீர் அதே வேகத்தில் திரும்பும்போது நிற்பவரின் காலையும் வாரிக்கொண்டு போகும். தண்டவாளத்தைக் காக்கக் கொட்டிய பாறைகள் கரை நெடுகக் கிடக்கின்றன. வெள்ளவத்தைக் கால்வாயும் தெஹிவளைக் கால்வாயும் நகரத்தின் அழுக்குநீரைக் கொண்டுவந்து சேர்ப்பதும் இங்கேதான். இந்தக் கரையில் கடல் குளிக்க இறங்கி உயிர்விட்ட இளைஞர்களின் செய்தியைப் படிக்காத வெள்ளவத்தை வீடு இராது. ஒரு காலத்தில் கின்ரோஸ் நீச்சல், உயிர்காப்புக் கழகம் இதே கரையில் இயங்கியது உண்மை. அவர்கள் கடலை நன்றாகக் கற்ற நீச்சல்காரர்கள். புதிதாகத் தொடங்குபவர் அவர்களை முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது.

கொட்டாஞ்சேனைக்காரருக்குக் கிட்டிய கடல் முகத்துவாரம். அங்கே களனி கங்கை கடலில் கலக்கிறது. ஆற்று வாயின் ஓட்டம் பலகையோடு மிதப்பவரைக் கேட்காமலே வெளியே கொண்டுபோய்விடும். கல்கிசை இந்த இரண்டையும் விட நல்லது. மணற்கரை உண்டு, ஆட்களும் உண்டு. மார்கழி முதல் பங்குனி வரை கடல் அமைதியாயிருக்கும் காலை வேளையில், இடுப்பளவு நீரில் நின்று அலையோடு பழகிக்கொள்ள அது போதும். ஆனால் சறுக்கப் பழகுவதற்கு அது போதாது, அங்கும் அலை கரைக்கு மிக நெருக்கமாகவே உடைகிறது.

ஆகவே தெற்கே போங்கள். வெலிகமவுக்குப் போங்கள்.

வெலிகமக் குடா

தெற்கு நோக்கித் திறந்திருக்கும் அகலமான குடா இது. கிழக்கே மிரிஸ்ஸப் பக்கத்து முனை, மேற்கே நகரத்துப் பக்கம், நடுவில் இரண்டு கிலோமீற்றருக்கும் மேலாக வளைந்து கிடக்கும் மணற்கரை. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், அந்தாட்டிக்காவுக்கு வடக்கே அடிக்கும் புயல்களில் பிறந்த அலை பல நாள் பயணம் செய்து இந்தக் குடாவின் வாய்க்கு வந்து சேர்கிறது. உள்ளே நுழைந்ததும் வளைந்த கரையை நோக்கி விசிறியாக விரிகிறது. ஒரே பலம் நீண்ட கரைக்குப் பங்காகப் போவதால் ஒவ்வோர் இடத்துக்கும் வந்து சேரும் அலை சிறியதாகிவிடுகிறது.

அடித்தளமும் உதவுகிறது. அலை தன் உயரத்தைப் போல ஏறத்தாழ ஒன்றேகால் மடங்கு ஆழத்துக்கு வந்ததும் உடையத் தொடங்கும். ஒரு மீற்றர் அலை நெஞ்சளவு நீரில் உடையும். அடித்தளம் செங்குத்தாக இருந்தால் அந்த உடைவு ஒரே இடத்தில் முடிந்துவிடும். வெலிகமவில் அடி மிக மெதுவாகச் சரிகிறது. உச்சியிலிருந்து நுரை வழிய வழிய அலை உடைந்து, பிறகு வெறும் நுரைமதிலாகி, கரை வரை உருண்டு வருகிறது. இடுப்பளவு நீரில் நின்றுகொண்டு அந்த நுரையைப் பிடிக்கலாம். விழுந்தால் மணல். பவளப்பாறையும் இல்லை, கடல்முள்ளியும் இல்லை. ஹவாயின் வைகிகியில் நூறாண்டுக்கு மேலாகப் புதியவர்கள் பழகி வருவதற்கும் இதே காரணங்கள்தான்: தணிந்த அலை, நீண்ட சரிவு.

குடாவுக்குள்ளும் எல்லா இடமும் ஒன்றல்ல. மேற்கே, டப்ரபேன் தீவின் அருகில், பாறை உண்டு. அந்தப் பக்கம் மீன்பிடிப் படகுகளும் கட்டிக் கிடக்கும். கிழக்கே பொல்வத்த கங்கை கடலில் விழுகிறது. பெருமழை பெய்தால் அந்த வாய் கலங்கி, குப்பையும் கிருமியும் குடாவுக்குள் வரும். அப்படிப்பட்ட நாட்களில் நீர் தெளியும் வரை இறங்காதீர்கள், காதும் வயிறும் தப்பும். நடுக்கரைதான் பழகுபவரின் கரை. பயிற்சிக் குடில்களும் அங்கேதான் வரிசையாக நிற்கின்றன.

காலமும் காற்றும்

காற்றின் பெயர்களை நம் பெரியவர்கள் அறிவார்கள். வைகாசியிலிருந்து புரட்டாசி வரை சோழகம் தென்மேற்கிலிருந்து வீசும். அந்தக் காலத்தில் தெற்குக் கடல் பெருத்து, காற்று கடலிலிருந்து கரைக்கு அடிப்பதால் அலை ஒழுங்கில்லாமல் நொறுங்கும். வாடை தொடங்கியதும் நிலைமை மாறும். காற்று தரையிலிருந்து கடலுக்கு வீச, அலையின் முகம் நிமிர்ந்து வழுவழுப்பாகும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை வெலிகமவின் பருவம் என்பார்கள். நவம்பரில் தென்மேற்கில் மழை இன்னும் ஓய்ந்திருக்காது, ஆகவே டிசம்பர் முதல் மார்ச் வரையே நல்லது என்பது என் கருத்து.

நாளுக்குள்ளும் ஒரு பருவம் உண்டு. காலையில் தரைக்காற்று, பத்து பதினொரு மணிக்குப் பிறகு கடற்காற்று. நல்ல அலை காலை ஆறரைக்கும் ஒன்பதரைக்கும் இடையில். நமது கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. அதனால் புதியவர் பெருக்கைவிடக் காற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இதனால்தான் பயணத்தை முதல்நாளே வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். காலை ரயிலில் ஏறினால், போய்ச் சேரும்போது நல்ல அலை முடிந்திருக்கும். மாத்தறை ரயிலில் கோட்டையிலிருந்து வெலிகமவுக்கு ஏறத்தாழ மூன்று மணித்தியாலம். எல்லாக் கடுகதியும் வெள்ளவத்தையில் நிற்பதில்லை, இருக்கை வேண்டுமென்றால் கோட்டையிலோ மருதானையிலோ ஏறுங்கள். கொட்டாஞ்சேனைக்காரருக்கு அதுதான் கிட்டவும் கூட. வெலிகம நிலையத்திலிருந்து கரை நடந்து போகும் தூரம். அதிவேகப் பாதையால் போவோர் மாக்கும்புர பஸ் நிலையத்தில் ஏறலாம். சொந்த வாகனமென்றால் கொக்மாதுவ வெளியேறலில் இறங்க வேண்டும். போயாவோடு சேர்ந்த நீண்ட வார இறுதிகளைத் தவிருங்கள். ரயிலிலும் இடமிராது, அலையிலும் இடமிராது.

சாப்பாடு பற்றி ஒரு சொல். வெலிகமவில் பழைய முஸ்லிம் குடியிருப்புகள் உண்டு. தமிழில் பேசி, விலை கேட்டு, பசியாறலாம். காலையில் கடலுக்கு இறங்குமுன் இரண்டு இடியப்பத்தோடு நிறுத்துங்கள், மிச்சத்தை வெளியே வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். இடையில் செவ்விளநீர் நல்லது.

பலகையும் ஆசிரியரும்

தொடங்குபவருக்கு எட்டு அல்லது ஒன்பது அடி நீளமான, மேற்பரப்பு மெத்தென்ற ஃபோம் பலகை வேண்டும். நீளமும் தடிப்பும் கூடினால் பலகை நன்றாக மிதக்கும், மெதுவான நுரையிலும் ஓடும், தலையில் பட்டாலும் காயம் குறையும். குட்டையான கூர்ப்பலகை அழகாயிருக்கும். அதை இரண்டு மூன்று பருவம் பழகியவர்களுக்கு விடுங்கள். வாடகைக்கு எடுக்கும்போது அடியில் உள்ள செட்டைகள் ஆடுகின்றனவா, காலில் கட்டும் கயிற்றின் ஒட்டுப்பட்டி இறுகப் பிடிக்கிறதா, பலகை விரிசல் விட்டு நீர் குடித்துப் பாரமாயிருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். கடலில் கயிறு கழன்றால் பலகை உங்களுடையதாயிராது, பின்னால் நிற்கும் பிள்ளையின் தலைக்குப் போகும்.

ஆசிரியரைத் தெரிவு செய்ய ஒரே ஒரு சோதனை சொல்கிறேன். பணம் கொடுக்குமுன், “எனக்கு நீச்சல் எவ்வளவு தெரியும் என்று கேட்பீர்களா?” என்று நீங்கள் கேட்க வேண்டிய நிலை வரக் கூடாது. அவராகவே கேட்க வேண்டும். கேட்காமல் பலகையைத் தூக்குபவரிடமிருந்து நன்றி சொல்லி விலகுங்கள். முதல் வகுப்புக்கு ஒருவருக்கு ஓர் ஆசிரியர் நல்லது. குழுவென்றால் மூன்று நான்கு பேருக்கு மேல் ஓர் ஆசிரியரிடம் சேர வேண்டாம். கரையில் வெளிநாட்டவரே அதிகம் என்பதால் கட்டணமும் அவர்கள் கணக்கிலேயே சொல்லப்படும். உள்ளூர்க் கட்டணம் என்னவென்று கூச்சப்படாமல் கேளுங்கள். பெரும்பாலும் குறைப்பார்கள்.

உடை எளியது. நீர் ஆண்டு முழுவதும் இருபத்தேழு, இருபத்தெட்டுப் பாகை வெப்பத்தில் இருப்பதால் தடித்த ரப்பர் உடை தேவையில்லை. முழுக்கை நீச்சல் மேலாடை வெயிலிலிருந்தும், பலகை உரசி நெஞ்சு சிவப்பதிலிருந்தும் காக்கும். முகத்துக்குச் சூரியக் களிம்பு பூசுங்கள், நெஞ்சிலும் வயிற்றிலும் பூசாதீர்கள், பலகை வழுக்கும். பெண்கள் முழுநீளக் காற்சட்டையும் தலையை மூடிய நீச்சலுடையும் அணிந்து சறுக்குவது இந்தத் தீவில் புதிதல்ல. உடையைக் காரணம் காட்டி மகளைக் கரையில் இருத்திவிட்டு மகனை மட்டும் இறக்கும் பெற்றோரிடம் இதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். கிழக்கே அறுகம் குடாவில் 2018இல் பெண்களுக்கென்றே ஒரு சேர்ஃப் கழகம் தொடங்கப்பட்டது. ஊர்ப் பேச்சை எதிர்கொண்டு அந்தப் பெண்கள் கடலில் இறங்கினார்கள். தமிழ்நாட்டில் கோவளத்து மீனவ இளைஞர்கள் 2012இல் ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார்கள். மாமல்லபுரத்தில் 2025 ஆகஸ்டில் ஆசிய சேர்ஃபிங் போட்டியே நடந்தது. கடல் விளையாட்டு நமக்கானதல்ல என்ற எண்ணத்துக்கு இனி இடமில்லை.

நிலத்தில் பாதி, நீரில் பாதி

எழுந்து நிற்பதை வீட்டிலேயே பழகலாம். விறாந்தையில் சோக்கால் இரண்டரை மீற்றர் நீளமும் அறுபது சென்ரிமீற்றர் அகலமுமாக ஒரு பலகை வரையுங்கள், நடுவே ஒரு கோடும். குப்புறப் படுத்து, உள்ளங்கைகளை மார்பின் இருபுறமும் நிலத்தில் ஊன்றுங்கள். கைகளால் உடம்பை உயர்த்தி, ஒரே அசைவில் முன்கால் மார்புக்குக் கீழேயும் பின்கால் அதற்குப் பின்னேயும் வந்து கோட்டின் மேல் அமர வேண்டும். முழங்கால் மடிந்து, இடுப்பு தாழ்ந்து, பார்வை நேரே. முழங்காலில் ஒருமுறை நின்றுவிட்டு எழும் பழக்கத்தை முதல் நாளே விட்டுவிடுங்கள். அது ஒட்டிக்கொண்டால் பிறகு கழற்றுவது பெரும்பாடு. எந்தக் கால் முன்னால் என்ற சந்தேகமிருந்தால், வழுக்கும் தரையில் ஓடிச் சறுக்கிப் பாருங்கள், இயல்பாக முன்னால் போகும் கால்தான் முன்கால். கயிறு பின்காலின் கணுக்காலில் கட்டப்படும்.

நீரில் இறங்கும்போது பலகையை உங்களுக்கும் அலைக்கும் நடுவில் ஒருபோதும் குறுக்காகப் பிடிக்காதீர்கள். அலை அதைத் தூக்கி முகத்தில் அடிக்கும். தொடங்குபவர்களின் காயங்களில் பெரும்பாலானவை சொந்தப் பலகையால் வருபவை. பக்கவாட்டில் பிடித்து, பலகையின் மூக்கை அலைக்கு நேரே நீட்டி, இடுப்பளவு வரை நடங்கள். அங்கே பலகையைக் கரைப்பக்கம் திருப்பிப் படுத்துக்கொள்ளுங்கள். மூக்கு நீருக்கு மேல் நான்கு விரலளவு தெரிய வேண்டும். முன்னால் அதிகம் போனால் மூக்கு குத்தி நீங்கள் கவிழ்வீர்கள், பின்னால் போனால் பலகை நின்றுவிடும். நுரை வந்து தூக்குவதை உடம்பு உணர்ந்த பிறகும் இன்னும் இரண்டு தரம் கையால் வலியுங்கள். பெரும்பாலானோர் அந்த இரண்டு வலிப்புக்கு முன்பே எழ முயன்று அலையை இழக்கிறார்கள். பலகை தானாக ஓடத் தொடங்கியதும் எழுங்கள். காலைப் பார்க்காதீர்கள். எதைப் பார்க்கிறீர்களோ அங்கேதான் போவீர்கள், காலைப் பார்த்தால் காலடியில் விழுவீர்கள்.

விழுவதையும் பழகத்தான் வேண்டும். ஆழமற்ற நீரில் தலைகீழாகப் பாயாதீர்கள். முதுகோ பக்கமோ பட, தட்டையாக விழுங்கள். மேலே வரும்போது இரண்டு கைகளும் தலையை மூடியிருக்கட்டும், பலகை எங்கே என்று தெரியாது.

வெலிகமவில் உண்மையான ஆபத்து கடலைவிட நெரிசல். பருவத்தில் ஒரே நுரையில் பலர் எழுந்து விழுவார்கள். அலை உடையத் தொடங்கும் இடத்துக்கு மிக அருகில் இருப்பவருக்கே அந்த அலை உரியது. மற்றவர் விலக வேண்டும். முன்னால் ஆளிருந்தால் அலையை விட்டுவிடுங்கள். பின்னால் இன்னொன்று வருகிறது.

இழுவை நீரோட்டம் எந்தக் கரையிலும் வரலாம். அலைகள் உடையாமல் மங்கலாகத் தெரியும் ஒரு பட்டை, நுரை கடல்பக்கம் நகரும் இடம் - இவை அதன் அடையாளம். அதில் அகப்பட்டால் பலகையை விடாதீர்கள். அது உங்கள் படகு. அதன் மேல் படுத்து, கரைக்கு நேரே போராடாமல், கரைக்குச் சமாந்தரமாக வலித்து, அலை உடையும் பக்கம் வந்து, நுரையோடு கரை சேருங்கள். முடியாவிட்டால் கையை உயர்த்தி அசையுங்கள். யாராவது மூச்சுக்குத் திணறினாலோ தலையில் அடிபட்டாலோ 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், கட்டணமில்லை.

இன்னொன்றையும் பேசாமல் விட முடியாது. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு கடலென்றாலே நடுங்கும் பெரியவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். வெலிகம போகும் ரயில், ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ரயிலோடு மடிந்த பெரலியவைக் கடந்துதான் போகிறது. பெரியவர்களின் அச்சத்தை அலட்சியம் செய்யாதீர்கள். கரைக்குப் போனதும் உயரமான இடத்துக்குப் போகும் வழியைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நிலம் நீண்ட நேரம் அதிர்ந்தாலோ கடல் வழக்கத்துக்கு மாறாகப் பின்வாங்கினாலோ பலகையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். இதைத் தெரிந்த பிள்ளையைப் பாட்டி நிம்மதியாக அனுப்புவார்.

சோழகக் காலத்தில் பழக விரும்புவோருக்குக் கிழக்கு இருக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை அங்கே கச்சான் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசும். பொத்துவிலுக்கு அருகே அறுகம் குடாவில், முனையின் மறைவில் அமைந்த பேபி பொயின்ற் என்ற இடத்தில் சிறிய அலைகள் கிடைக்கும். ஊரே தமிழ் பேசும். தூரம்தான் கூட, கொழும்பிலிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கும் மேல். அதே குடாவின் மெயின் பொயின்ற் பாறையடியில் உடையும் அலை, தொடங்குபவருக்கு ஆகாது. வெலிகமவுக்கு மேற்கே மிதிகமவின் பாறைத்திட்டுகளுக்கும் இது பொருந்தும். நுரையில் விழாமல் கரை வரை வரவும், உடையாத அலையைத் தனியே பிடித்து இடமும் வலமும் திரும்பவும், கூட்டத்தில் பலகையைக் கட்டுப்படுத்தவும் முடிந்த பிறகே அங்கெல்லாம் போக வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முந்திய நிபந்தனை நீச்சல். ஆழத்தில் ஐம்பது மீற்றர் நிற்காமல் நீந்தவும், ஐந்து நிமிடம் மிதக்கவும் முடியாதவர் பலகையைத் தொட வேண்டாம். கயிறு அறுந்தால் உங்களுக்கு மிஞ்சுவது நீச்சல்தான். கொட்டாஞ்சேனைக்காரருக்குச் சுகததாச விளையாட்டரங்கின் தடாகம் கிட்ட இருக்கிறது. நீந்தத் தெரியாதவர்கள் இந்த அத்தியாயத்தை இங்கே நிறுத்திவிட்டு நீச்சல் வகுப்பில் பெயர் கொடுங்கள். ஆவணியில் தொடங்கினால் மார்கழிக் கடலுக்கு நேரம் சரியாக இருக்கும்.